ஜாஸுக்குக் கிளாரினெட்: மரமா பிளாஸ்டிக்கா, அகலத் துளையா குறுகலா?

ஜாஸ் வாசிக்க எந்தக் கிளாரினெட் வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "இப்போது என்ன மவுத்பீஸ், எந்த எண் ரீட்?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். மவுத்பீஸ் என்பது வாய் வைக்கும் முனை; ரீட் அதில் கட்டிய, அதிரும் மெல்லிய நாணல் தகடு, அதன் எண் கெட்டித்தனத்தைக் குறிக்கும். பலருக்குப் பதில் தெரியாது. பெட்டியோடு எது வந்ததோ அதையே மாட்டி ஊதிக்கொண்டிருப்பார்கள். வாத்தியத்தின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லாத அந்த இரண்டு பொருள்களும் நாதத்தை மாற்றுகிற அளவுக்கு, மரத்தின் ரகமோ கீயின் முலாமோ மாற்றுவதில்லை. அதனால் மவுத்பீஸுக்கும் ரீடுக்கும் இங்கே கொஞ்சம் அதிகமாகவே இடம் கொடுக்கப்போகிறேன்.

ஜாஸ் கிளாரினெட் என்று தனி இனம் எதுவும் கிடையாது. ஸ்விங் என்ற ஜாஸ் பாணியின் நட்சத்திரமான பென்னி குட்மன் செல்மர் நிறுவன வாத்தியமும் ஊதினார், பிறகு பஃபே நிறுவனத்துடையதும் ஊதினார். 1938 ஜனவரியில் கார்னெகி ஹாலில் ஸ்விங் கச்சேரி நடத்தியவரும் அவர்தான். பத்தாண்டு கழித்து செவ்வியல் இசையமைப்பாளர் ஏரன் கோப்லாந்திடம் கேட்டு ஒரு கான்செர்ட்டோ எழுதி வாங்கியவரும் அவர்தான். "ஜாஸ் மாடல்" என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

எந்த விரல் முறை

இதை நீட்ட அவசியமில்லை. போம் முறையை வாங்குங்கள். 17 கீ (துளையை மூடித் திறக்கும் உலோக நெம்புகோல்), 6 வளையம். ஹயசிந்த் க்ளோஸேயும் லூயி ஒகுஸ்த் பஃபேயும் சேர்ந்து வடிவமைத்து 1844-இல் காப்புரிமை பெற்றது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஓலர் முறை ஓடுகிறது. அங்கே ஆசிரியர் கிடைத்தால் அதுவும் சரிதான். நியூ ஆர்லியன்ஸின் முதல் தலைமுறை, அதாவது ஜானி டாட்ஸ், ஜிம்மி நூன், சிட்னி பெஷே போன்றவர்கள் ஆல்பர்ட் முறையில் ஊதியவர்கள். பார்னி பிகார்ட் டியூக் எலிங்டன் குழுவிலும் அதை விடவில்லை. அந்த நாதத்தின் மேல் ஆசைப்பட்டு ஆல்பர்ட் தேடுகிறவர்கள் உண்டு. பாடப் புத்தகம், ஆசிரியர், உதிரிப் பாகம் எல்லாம் போமுக்கே இருப்பதால், அது இரண்டாவது வாத்தியமாக வரட்டும்.

பழைய வாத்தியத்தில் ஹெச்.பி. என்று முத்திரை இருந்தால் தொடாதீர்கள். பழைய உயர்சுருதிக்குச் செய்தது. இன்றைய சுருதியான ஏ = 440 ஹெர்ட்ஸுக்கு இறக்க முடியாது. அதேபோல் கையில் இருப்பது பி ஃபிளாட் கிளாரினெட்தானா என்று பாருங்கள். ஏ கிளாரினெட் அதைவிடச் சில சென்டிமீட்டர்தான் கூடுதல் நீளம், படத்தைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

பிளாஸ்டிக்கா, மரமா

யமஹா ஒய்.சி.எல்.-255, பஃபே ப்ரொடீஜ் இரண்டும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். யமஹா ஒய்.சி.எல்.-450, பஃபே ஈ13 இரண்டும் கிரெனடில்லா மரம். இது ஆப்பிரிக்காவின் கரிய கெட்டி மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கும் அடர்த்தி. அதன் தொல்லை வெடிப்பு. சூடான ஈர மூச்சு உள்சுவரை உப்பவைக்கும், வெளிச்சுவர் குளிர்ந்து காய்ந்தே இருக்கும். இழுபறியில் விரிசல் விழும். பெரும்பாலும் மேல் துண்டில், ட்ரில் கீ (இரண்டு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி ஊத உதவும் கீ) துளைகளை ஒட்டி. புது மர வாத்தியத்தை முதல் சில வாரங்கள் சிறிது சிறிதாக மட்டும் ஊதிப் பழக்கச் சொல்வது இதனால்தான். பிளாஸ்டிக்குக்கு இந்தக் கவலை இல்லை. திறந்தவெளியிலும் ஊர்வலத்திலும் நடுங்காமல் எடுத்துப் போகலாம்.

நாதம்? உள்துளையின் அளவும் துளை விளிம்புகளின் நேர்த்தியும் ஒன்றாக இருந்தால், சுவர் எதனால் ஆனது என்பதைக் கேட்பவர் கண்டுபிடிப்பது கடினம். மர வாத்தியம் நன்றாக ஒலிப்பதற்குக் காரணம், தயாரிப்பாளர்கள் அதில் கூடுதல் கைவேலை போடுகிறார்கள் என்பதே. சுரத் துளைகளின் அடிப்பக்கம் குடைந்து சரிசெய்யப்பட்டிருக்கும், பேட் (கீயின் அடியில் துளையை அடைக்கும் மெத்தை) நல்ல ரகம், கீகள் இறுக்கம். டாம் ரைடனவர் வடிவமைத்த லிரீக் கிளாரினெட் முழுக்க எபோனைட், அதாவது கெட்டி ரப்பர். சுருதி சுத்தத்துக்குப் பெயர் போனது. பஃபேயின் க்ரீன்லைன் கிரெனடில்லா தூளையும் கார்பன் இழையையும் பிசினில் அழுத்திச் செய்தது. வெடிக்காது, தொழில்முறைக் கலைஞர்களே வைத்திருக்கிறார்கள்.

என் கணக்கு இப்படி: முதல் வாத்தியம் பெயர் தெரிந்த நிறுவனத்தின் பிளாஸ்டிக். அடுத்தது, நடுத்தர மர மாடலில் நிற்காமல், நன்றாகப் பராமரித்த பழைய தொழில்முறை வாத்தியம். நடுத்தர மாடல்கள் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றில் கிடைக்கும் முன்னேற்றத்தின் பாதியை ஒரு நல்ல மவுத்பீஸே பிளாஸ்டிக் வாத்தியத்தில் கொடுத்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று விற்கிறது: பெயர் கேள்விப்படாத, சிவப்பும் நீலமுமாக, ஸ்டாண்டும் கையுறையும் சேர்த்துத் தருவது. அதன் கீ உலோகம் மெத்து. வளையும்; நிமிர்த்தப் போனால் ஒடியும். பழுதுபார்ப்பவர்கள் பலர் கையில் வாங்கவே மாட்டார்கள்.

உள்துளை: ஜாஸ்காரர்களின் உண்மையான சண்டை

1950-களில் ரோபேர் காரே பஃபேக்காக வடிவமைத்த ஆர்13 இன்றும் அளவுகோல். உள்துளை ஏறக்குறைய 14.6 மி.மீ., ஒரே சீரான குழாயாக இல்லாமல் மேலே படிப்படியாக மாறுகிற அமைப்பு. எதிரணியில் 15 மி.மீ.-யும் அதற்கு மேலும் உள்ள அகலத் துளைகள்: செல்மரின் சென்டர்டு டோன், பூஸி அண்ட் ஹாக்ஸின் 1010, ஜாஸ் கலைஞர் பீட் ஃபவுன்டன் ஊதிய லெப்லாங்க். வித்தியாசம் அரை மி.மீ. பக்கம்தான். ஆனால் கையில் எடுத்து ஊதினால் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

அகலத் துளையில் மூச்சுக்குத் தடை குறைவு. நாதம் பரவலாக விரியும். சுரத்தை வளைப்பது, வழுக்கிக்கொண்டு ஏறுவது எல்லாம் மேல் ஸ்தாயியில் எளிது. விலை என்னவென்றால், சுருதியை வாத்தியம் பார்த்துக்கொள்ளாது. உதடும் காதும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். ஆர்13 வகையில் நாதத்துக்கு ஒரு நடுக்கரு இருக்கும், பெரிய குழுவிலும் அறுத்துக்கொண்டு வெளியே கேட்கும், ஸ்தாயிகளுக்கிடையே சுருதி நம்பகம். அதில் சுரம் வளையாது என்று சொல்வது சோம்பேறித்தனம். 1924-இல் ராஸ் கோர்மன், இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 'ராப்ஸடி இன் ப்ளூ' தொடக்கத்துக்காக ஊதிக் காட்டிய அந்தப் புகழ்பெற்ற கிளிஸாண்டோவை, அதாவது வழுக்கி ஏறும் சுரத்தை, இன்று இசைக்குழுக்களில் ஆர்13-இல்தான் பலரும் ஊதுகிறார்கள். வேலை நடப்பது வாய்க்குள், நாக்கின் பின்பகுதியிலும் தொண்டையிலும். விரல்கள் துளையிலிருந்து மெல்ல நகர்வது அதற்குத் துணை.

1010-இன் மேல் கண் வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதற்கென்று செய்த, உள்ளே நேரான துளையுள்ள மவுத்பீஸ்தான் வேண்டும். இன்றைய வழக்கமான மவுத்பீஸை மாட்டினால் சுருதி கலைந்துபோகும், வாத்தியத்தின் மேல் பழி விழும். தயாரிப்பும் நின்றுவிட்டது, கீ ஒடிந்தால் இன்னொரு பழசைத் தேட வேண்டியதுதான். மூன்று நான்கு பேர் சேர்ந்து மைக் இல்லாமல் வாசிக்கிற குழு என்றால் அகலத் துளைக்கு என் மனம் இழுக்கும். வேறு வகை இசையும் உண்டு என்றால் ஆர்13 குடும்பம்.

பழையது வாங்கும்போது மேல் துண்டை மட்டும் தனியே எடுங்கள். இடக்கை விரல்களால் துளைகளை மூடி, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் அடைத்து, மேல்முனையில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். உறிஞ்சிய பிடி சில விநாடி நிற்க வேண்டும். விட்டால் 'பொப்' என்று சத்தம் வர வேண்டும். உடனே கசிந்தால் பேட் போயிருக்கிறது, அல்லது விரிசல். இரண்டு துண்டையும் சேர்த்து லேசாக ஆட்டிப் பாருங்கள்: இணைப்பு ஆடினால் மேல்-கீழ் பாலக் கீ ஒழுங்காக மூடாது, கீழ் ஸ்தாயி திக்கும். கடைசியாக ட்ரில் கீ துளைகளைச் சுற்றி விளக்கை அடித்துப் பாருங்கள். நிரப்பி மெழுகிய விரிசல் மயிரிழையாகத் தெரியும். நன்றாக அடைத்த பழைய விரிசலுக்குப் பயப்பட வேண்டாம், விலை பேச உதவும்.

மவுத்பீஸ்: இங்கேதான் பணம்

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் உள்ள இடைவெளிதான் முதல் எண். வாண்டோரன் நிறுவன மாடல்களில் 5ஆர்வி லைர் சுமார் 1.09 மி.மீ., பி45 1.195, ஜாஸுக்கென்றே செய்த 5ஜேபி 1.47. கேட்க அற்பமான வித்தியாசம். ஆனால் 5ஜேபியில் 3-ஆம் எண் ரீடைப் போட்டு ஊதுகிறவரிடமிருந்து வருவது பெரும்பாலும் காற்றின் சீற்றல்தான்.

அகல நுனிக்கு மென்மையான ரீட் வேண்டும். சத்தம் அதிகம், சுரம் வளையும், உறுமல் வரும். பதிலுக்கு உதடு சீக்கிரம் தளரும், மேல் ஸ்தாயி தாழ்ந்து தொங்கும், மெதுவாக ஒரு சுரத்தைத் தொடங்குவது சிரமம். குறுகிய நுனியில் கெட்டி ரீட். சுருதி நிலை, தொடக்கம் சுத்தம், ஆனால் கொஞ்சம் அடக்கமான பிள்ளை. சாக்ஸபோனிலிருந்து வருபவர்கள் பழகிய தளர்வுக்காக அகல நுனியைத்தான் எடுப்பார்கள். கிளாரினெட் அதைவிட இறுக்கமான உதட்டுப் பிடியைக் கேட்கும் என்பதால் அவர்களுக்குத்தான் அது முதலில் ஆகாது.

என் தேர்வு பி45. நடுவில் நிற்பது. 2½ ரீடில் ஸ்விங்கும் வரும், பள்ளி பேண்டும் வரும். அதில் ஒரு வருடம் ஊதி, இன்னும் தளர்வு வேண்டும் என்று உதடே கேட்டால் 5ஜேபி பக்கம் போகலாம்.

ரீட்

ரீட் எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் ஒத்துப்போகாது. வாண்டோரன் நீலப் பெட்டியின் 2½, ரிகோ ஆரஞ்சுப் பெட்டியின் 2½-ஐவிடக் கெட்டி. வாண்டோரனின் இன்னொரு ரகமான வி12 அடிப்பாகம் தடித்தது, நாதம் கனமாக வரும். ஜாஸுக்கு நான் நீலப் பெட்டியையே சொல்வேன். சீண்டினால் சட்டென்று பேசும்.

நாணலா செயற்கையா என்பதில் பலர் மதச் சண்டை போடுகிறார்கள். நாணல் ரீடில் ஒரு பெட்டிக்குள்ளேயே நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். மாற்றி மாற்றி ஊதிப் பழக்க வேண்டும். நாதத்தின் ஆழத்தில் இன்னும் அதுதான் முன்னால். லெஜேர் போன்ற செயற்கை ரீடுக்கு ஈரம் வேண்டாம், இன்று ஊதியது போலவே நாளையும் ஊதும். சாக்ஸபோனும் கிளாரினெட்டும் மாற்றி வாசிப்பவருக்கு இது பெரிய வரம்: அரைமணி நேரம் ஸ்டாண்டில் நின்ற கிளாரினெட்டை எடுத்தால் நாணல் நுனி காய்ந்து அலை அலையாக நெளிந்திருக்கும், முதல் சுரமே கீச்சிடும். இரட்டை வாத்தியக்காரருக்குச் செயற்கை, மற்றவருக்கு நாணல் என்று நான் முடித்துக்கொள்கிறேன்.

மீதிச் சாமான்

ரீடை மவுத்பீஸோடு இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரைக் கடைசியில் வாங்குங்கள். இரண்டு திருகு உலோகமா, ரோவ்னர் மாதிரி மென்பட்டையா, ஜெர்மானியர் போலக் கயிறா என்பது ஊதுபவரின் வாய்க்குத் தெரியும் அளவுக்குக் கேட்பவரின் காதுக்குத் தெரியாது.

மவுத்பீஸுக்கும் மேல் துண்டுக்கும் நடுவில் உள்ள குட்டிக் குழாயான பேரல் அப்படியில்லை. மேடை சூடாக ஆக சுருதி ஏறும். பேரலை இழுத்துத்தான் இறக்க வேண்டும், ஆனால் ரொம்ப இழுத்தால் தொண்டைச் சுரங்கள், அதாவது ஜி, ஏ, பி ஃபிளாட் மட்டும் அதிகமாகத் தாழும். 66 மி.மீ.யோடு ஒரு 67 வைத்திருந்தால் தீர்ந்தது. பட்டுத் துணி, கார்க் கிரீஸ், மவுத்பீஸின் மேல் பல் பதியாமல் ஒட்டும் 0.8 மி.மீ. ரப்பர் துண்டு: இவை கட்டாயம். வலது கட்டைவிரல் வலித்தால் கழுத்துப் பட்டையும்.

ஜாஸ்காரர் பலர் தவறும் இடம் மைக். சாக்ஸபோன் பழக்கத்தில் பெல்லில், அதாவது அடிமுனையின் விரிந்த வாயில், ஒரு கிளிப் மைக்கை மாட்டிவிடுவார்கள். கிளாரினெட்டில் பெல் வழியாக முழுசாக வெளியேறுவது எல்லாத் துளையும் மூடிய அடி ஈயும் அதன் மேல் பியும்தான். மற்ற சுரங்கள் திறந்திருக்கும் துளைகள் வழியே வருகின்றன. அதனால் அந்த இரண்டு சுரமும் இடிக்கும், மற்றவை மெலியும். ஸ்டாண்ட் மைக்கை ஓர் அடி தள்ளி, இரண்டு கைக்கும் நடுவே நோக்கி வைத்தால் எல்லாம் சமமாக விழும். டிரம்ஸ் பக்கத்தில் நின்று அதில் ஃபீட்பேக் வந்தால் பேரலுக்குள் பதிக்கும் பிக்கப் என்ற சிறு ஒலி உணரி ஒன்றுதான் வழி. நாதம் சற்று மூக்கால் பேசுவது போலிருந்தாலும் மேடையில் தாங்கும். அதற்குப் பேரலில் துளை போட வேண்டும். வாத்தியத்தோடு வந்த பேரலில் கை வைக்காதீர்கள், இரண்டாவதாக ஒரு பிளாஸ்டிக் பேரல் வாங்கி அதில் போடச் சொல்லுங்கள்.