மே மாதத்தில் பெந்தோட்டை பீச் பேக்கேஜா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு இலங்கை போகிறவர்கள் கவனிக்கவும். "4 இரவு, 5 பகல், அலையே இல்லாத பீச், வெதுவெதுப்பான தண்ணீர்" என்று சென்னை ஏஜென்ட் ஒருவர் விற்ற பேக்கேஜில் நடந்தது இது. முதலில் அனுப்பிய பி.டி.எஃப்.பில் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடா ஹோட்டல் இருந்தது. முழுப் பணமும் கட்டி, விமான டிக்கெட்டும் போட்ட பிறகு வந்த வவுச்சரில் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டை. கேட்டதற்கு, "அதே ஃபோர் ஸ்டார்தான் சார், பீச் எல்லாம் ஒண்ணுதான்." போய் இறங்கினால் கரையில் சிவப்புக் கொடி. இடுப்பளவுத் தண்ணீரில்கூடப் பிள்ளைகளை விட முடியாத அலை. ஹோட்டல் நீச்சல் குளத்தோடு விடுமுறை முடிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, வானிலைக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரே வரியில் பதில்.

வானிலையாம்! மே கடைசியில் பெந்தோட்டைக் கடல் கொந்தளிப்பது வருஷா வருஷம் நடப்பது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக மோதுவது நீர்கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வரையுள்ள கரையில்தான். பெந்தோட்டை, ஹிக்கடுவ, மிரிஸ்ஸ எல்லாம் இந்த வரிசையில் வருகின்றன. அதே காற்று தீவைக் கடந்து கிழக்கே போகும்போது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்பார்கள். அது வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் படுத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவக்காற்றான வாடை தொடங்கியதும் நிலைமை தலைகீழ்.

"வெதுவெதுப்பான தண்ணீர்" என்பதில் மயங்க ஒன்றுமில்லை. இலங்கையைச் சுற்றிக் கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 27 முதல் 30 டிகிரிதான். எந்தக் கரைக்கு, எந்த மாதம் சொன்னாலும் அது உண்மை. கேட்க வேண்டியது அலையைப் பற்றி.

ஏஜென்ட் ஏன் மாற்றுகிறார்? கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து பெந்தோட்டைக்கு அதிவேகப் பாதையில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பாசிக்குடாவுக்கோ திருகோணமலைக்கோ ஐந்தாறு மணி நேரம் வேன் ஓட வேண்டும். டீசல், டிரைவர் படி எல்லாம் கூடும். போதாததற்கு, சீசன் முடிந்த தென்கரை ஹோட்டல்கள் மே மாதத்தில் அறையைத் தள்ளுபடியில் கொடுக்கின்றன, கிழக்கிலோ அப்போதுதான் சீசன். அந்த வித்தியாசம் அவர் பைக்குப் போகிறது.

இதற்கு வழிவிடுவது பி.டி.எஃப்.பின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் "அல்லது இதற்கு இணையான ஹோட்டல்" என்ற வரி. இணை என்றால் ஸ்டார் கணக்கில் மட்டும்தான், கடலுக்கு இணை பார்ப்பதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், "இணையான ஹோட்டல், பாசிக்குடாவுக்குள் மட்டும், இல்லையேல் முழுப் பணமும் திரும்ப" என்று மெயிலில் வாங்குங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தி போதாது. பாக்கிப் பணத்தை, ஹோட்டலின் பெயரும் முன்பதிவு எண்ணும் வந்து, நீங்களே அந்த ஹோட்டலுக்கு எழுதி உறுதி செய்த பிறகு கட்டுங்கள்.

"கிழக்குக் கரை" என்று பொதுவாக எழுதிக் கொடுத்தாலும் ஏமாற வேண்டாம். அறுகம்பேயும் கிழக்குதான், அலைச்சறுக்குக்காரர்கள் அங்கே போவதே அலைக்காக. சின்னக் குழந்தைகளுக்குப் பாசிக்குடாவுக்கு ஈடு இல்லை. பவளப்பாறை காக்கும் வளைந்த குடா. வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான். ஒட்டியே இருக்கும் கல்குடா பார்வைக்கு அதே மாதிரி, ஆனால் சீக்கிரம் ஆழமாகும், இழுப்பும் உண்டு. வவுச்சரில் இரண்டில் எது என்று பாருங்கள். திருகோணமலைப் பக்கம் உப்புவெளி, நிலாவெளி இரண்டும் மே முதல் செப்டம்பர் வரை நல்லவை. ஆனால் திறந்த கரை, பாசிக்குடா அளவுக்கு ஆழம் குறைவல்ல. நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு "உட்பட" என்றால், தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

அமைதியான கடலிலும் ஓர் ஆபத்து உண்டு, அதை எந்த ஏஜென்டும் சொல்லமாட்டார். கச்சான் கடல் பக்கமாகத் தள்ளும்போது காற்றடைத்த ட்யூப், மிதவை மெத்தை இரண்டும் சத்தமில்லாமல் வெளியே போய்விடும். அலை இல்லாததால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். ட்யூபுக்குக் கயிறு கட்டி, ஒரு பெரியவர் பிடித்திருக்க வேண்டும்.

"பீச்சுக்கு 50 மீட்டர்" என்ற வாசகத்தையும் மேப்பில் சரிபாருங்கள். தென்மேற்குக் கரையில் அந்த ஐம்பது மீட்டருக்குள் பஸ்கள் பறக்கும் காலி வீதியும், சில இடங்களில் ரயில் தண்டவாளமும் இருக்கும். போட்டோக்களைப் பொறுத்தவரை, ஹோட்டல் போட்ட படங்களை விட்டுவிட்டு, விருந்தினர் போட்டவற்றில் நீங்கள் போகும் மாதத்தில் எடுத்ததை மட்டும் பாருங்கள். பெந்தோட்டை ஜனவரியில் கண்ணாடி மாதிரிதான் இருக்கும்.

ஏப்ரல் முதல் பாதியில் போகிறவர்களுக்குத் தெற்கும் பெரும்பாலும் சமாளிக்கும். அரையாண்டு விடுமுறைக்கோ பொங்கலுக்கோ என்றால் உணவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் கேளுங்கள். வாடை வீசும் அந்த நேரத்தில் மலிவு விலைக்குத் திருகோணமலை பீச் என்று யாராவது நீட்டினால், இதே வித்தையின் மறுபக்கம் அது.