அணைமதிலில் பத்தித் தூண்: மேலேயா, பின்னாலேயா, முன்னாலேயா?

திருகோணமலை உவர்மலைச் சரிவில் முற்றம் வேண்டுமென்றால் முதலில் மண்ணை மறித்து மதில் கட்டவேண்டும். பிறகு அந்த முற்றத்துக்குப் பத்தி (வீட்டோடு சேர்த்துச் சாய்வாக இறக்கும் கூரை) இறக்கும்போது வெளிப்பக்கத் தூண்கள் சரியாக மதிலுக்கு மேலேதான் வந்து நிற்கும். "ஒன்றரை அடிக் கருங்கல் மதில், நாலு பைப்பைத் தாங்காதா?" என்று மேசன் கேட்பார். பாரத்தைத் தாங்கும்தான். தகரக் கூரைக்கு என்ன பெரிய பாரம்! பயப்படவேண்டியது காற்றுக்கு. மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 48 கிலோ. 12க்கு 10 அடிப் பத்தியை அது அரைத் தொன் அளவுக்கு மேலே இழுக்கலாம்.

மதிலுக்கு மேல் தகடு வைத்து போல்ட் இறுக்குவது மலிவு, அரைநாள் வேலை. எங்கள் பழைய வீட்டில் அப்படித்தான் செய்தோம். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. மறுநாள் பார்த்தால், போல்ட்டிலிருந்து மதில் விளிம்புவரை மயிரளவு வெடிப்பு. விரலால் தடவ, சாந்து மாவாக உதிர்ந்தது. கருங்கல் கட்டு அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. போல்ட் பிடித்திருந்தது மேல்வரிக் கல்லை மட்டும்தான். அதோடு எட்டடித் தூண் ஒரு நெம்புகோல். காற்று தூணைத் தள்ளும் அதே நேரம் வாடை மழையில் ஊறிய மண்ணும் மதிலை வெளியே தள்ளும். எங்கள் ஊரில் இரண்டும் ஒரே இரவில்தான் வரும். உள்ளே பொந்துள்ள சீமெந்துக்கல் மதிலென்றால் நினைத்தே பார்க்கவேண்டாம்.

என் தெரிவு, மதிலுக்குப் பின்னால் தள்ளித் தூண் நிறுத்துவது. ஒட்டி நிறுத்தினால் அத்திவாரமே மதிலைத் தள்ளும். மதிலின் அடியிலிருந்து பின்பக்கமாக 45 பாகையில் கோடு ஒன்று ஏறுவதாக நினையுங்கள். அத்திவாரத்தின் அடி அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கவேண்டும். ஐந்தடி மதிலுக்கு, இரண்டடி ஆழக் குழி என்றால் குறைந்தது மூன்றடி உள்ளே. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழக் கொங்கிறீற் 540 கிலோ வரும். அப்படியொன்றே அந்த இழுவைக்கு ஈடு. கூரையை வெளியே நீட்டினால் நிழலும் மதில்வரை கிடைக்கும், நீட்டும் பகுதிக்குக் கனத்த பைப் போடுங்கள். புதிதாக நிரப்பிய மண்ணானால் ஒரு மாரியாவது கழியட்டும், இல்லாவிட்டால் தூண் இறங்கும்.

கீழ்க்காணியும் உங்களுடையதென்றால் மதிலுக்கு முன்னால் தனித் தூண் எழுப்பலாம். மதிலில் ஒரு கிலோகூட ஏறாது. ஆனால் எட்டடித் தூண் பதின்மூன்றடியாகும், அதற்கேற்பத் தடித்த பைப் வேண்டும். மதிலின் காலடியில் குழி வெட்டுவதும் ஆபத்து. அந்த மண்தான் அதன் பிடிமானம். மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். ஒரு குழியை வெட்டி, கொங்கிறீற் போட்டு, மூடிய பிறகே அடுத்ததை வெட்டுங்கள்.

மதில் இனித்தான் கட்டப்போகிறீர்களா? அத்திவாரத்திலிருந்தே கம்பி எடுத்து, தூண் வரும் இடங்களில் கொங்கிறீற் தூண்களாக ஏற்றிவிடச் சொல்லுங்கள். கம்பியும் பருமனும் பொறியியலாளர் கணக்கிட்டுத் தரவேண்டியவை. பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேறக் குழாய் வைக்கவும் மறக்கவேண்டாம்.