கொழும்பு பாமசிகளில் கிடைக்கும் கண்ணீர்ச் சொட்டுகள்: எது யாருக்கு?

"கண் எரியுது, ஒரு ட்ரொப்ஸ் தாங்கோ" என்று மட்டும் கேட்டு வாங்குவதை முதலில் நிறுத்த வேண்டும். பாமசிக் கண்ணாடி அலுமாரியில் அடுத்தடுத்து நிற்பவை மூன்று வகை: செயற்கைக் கண்ணீர், சிவப்பை மறைக்கும் சொட்டு, ஸ்டீரொயிட் கலந்த சொட்டு. குப்பியின் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. வறண்ட கண்ணுக்கு நீங்களாக வாங்கக்கூடியது முதலாவது மட்டும்தான். "ஆர்ட்டிஃபிஷல் டியர்ஸ்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கையில் தந்ததும் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பி இரண்டு விஷயம் பாருங்கள்: எந்த மருந்து எத்தனை வீதம், கெடாமல் இருக்க எதைச் சேர்த்திருக்கிறார்கள். முன்பக்கத்துப் பெயரைவிட இந்த இரண்டு வரிகள்தான் முக்கியம்.

மலிவானது ஹைப்ரொமெலோஸ் 0.3 வீதம். பல கம்பனிகள் பல பெயரில் செய்கின்றன. விட்டவுடன் குளிர்ச்சி தெரியும், சீக்கிரம் வடிந்துவிடும். எப்போதாவது எரிகிற கண்ணுக்கு இது போதும். ரிஃப்ரெஷ் டியர்ஸில் இருப்பது கார்பொக்சிமெதில் செலுலோஸ் 0.5 வீதம். பார்வையை மறைக்காத மெல்லிய சொட்டு என்பதால் பகலில், வேலைக்கு நடுவில் விட வசதியானது. இதே மருந்து 1 வீதத்தில் வந்தால் ஜெல் போல் தடிப்பாக இருக்கும், சில நிமிடம் பார்வை மங்கும். வாகனம் ஓட்டப் போகும்போது அதை விடாதீர்கள், படுக்கப் போகும்போது விடுங்கள். சிஸ்டேன் அல்ட்ராவில் பொலிஎதிலீன் கிளைகோல் 0.4, புரொப்பிலீன் கிளைகோல் 0.3 வீதம். கண்ணீரோடு கலந்ததும் லேசாகக் கெட்டியாகி மேற்பரப்பில் தங்கும். சோடியம் ஹையலூரனேட் சொட்டுகள் 0.1, 0.18, 0.2 வீதங்களில் வருகின்றன. தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் குணம் இதில் அதிகம். ஒரு நாளைக்கு நாலைந்து தரம் சொட்டு தேவைப்படுகிறவர்களுக்கு எங்கள் முதல் தெரிவு இதுதான், அதுவும் பதப்படுத்தி (கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்) இல்லாத வடிவத்தில்.

பதப்படுத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருடைய கண் சொட்டு விட்டும் ஆறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். திறந்த குப்பியில் கிருமி வளராமல் இருக்க பென்சல்கோனியம் குளோரைட் சேர்ப்பது வழக்கம். அது சவர்க்காரம் போல் வேலை செய்வது. கிருமியின் தோலைக் கரைக்கும் அதே குணம் கண்ணீரின் எண்ணெய்ப் படலத்தையும் குலைக்கும், கருவிழியின் மேல்தோலையும் புண்ணாக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் என்றால் பெரும்பாலான கண்கள் தாங்கிக்கொள்ளும். எரிகிறது என்று எட்டுத் தரம் விட்டால் மருந்தே எரிவைக் கூட்டும், அதற்காக இன்னும் விடுவீர்கள். ரிஃப்ரெஷ் டியர்ஸில் உள்ள பியூரைட், சிஸ்டேனில் உள்ள பொலிகுவாட் என்ற பதப்படுத்திகள் இதைவிட மென்மையானவை. நாளுக்கு நாலு தரத்துக்கு மேல் தேவை என்றால் அவையும் வேண்டாம், பதப்படுத்தி இல்லாத ஒற்றை வேளைக் குழாய்களுக்கு மாறுங்கள். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் பென்சல்கோனியம் உள்ள சொட்டை லென்ஸுக்கு மேல் விடவே கூடாது. மென்லென்ஸ் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கழற்றி, சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்து மாட்டுங்கள்.

ஒற்றை வேளைக் குழாய்கள் விலை கூடியவைதான். சில கம்பனிகளின் குழாயைத் திரும்ப மூடி அதே நாளுக்குள் பாவிக்கலாம், சிலவற்றைத் திறந்தவுடன் விட்டு எறிய வேண்டும். பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மையான ஒரு நாள் செலவு தெரியும். மூடக்கூடிய 30 குழாய் ஒரு மாதத்துக்குப் போகும், மூட முடியாதது ஒரு கிழமையில் முடிந்துவிடும். 10 மில்லிலீற்றர் குப்பியில் ஏறத்தாழ 200 சொட்டு இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நாலு தரம் என்றால் 25 நாள். திறந்து 28 நாளில் எறிய வேண்டிய குப்பிக்கு இது சரியான கணக்கு. பெட்டியில் அச்சடித்த காலாவதித் திகதி திறக்காத குப்பிக்கு உரியது. திறந்த நாளை மார்க்கரால் குப்பியிலேயே எழுதுங்கள். 2023இல் இறக்குமதியான பிரெட்னிசலோன் என்ற ஒரு ஸ்டீரொயிட் சொட்டால் இலங்கையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கண்ணில் கிருமி தொற்றியதை மறந்துவிடக் கூடாது. முத்திரை உடைந்த குப்பியை, விலை குறைவென்று ஒன்லைனில் பதிவு இலக்கம் இல்லாமல் விற்கிற சொட்டை வாங்காதீர்கள்.

இனி விடும் முறை. கையைக் கழுவுங்கள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கீழிமையைச் சுட்டுவிரலால் மெல்ல இழுத்தால் சிறு பை மாதிரி ஒரு பள்ளம் தெரியும். மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு. குப்பி நுனி இமை மயிரில் பட்டாலும் அந்தக் குப்பி பழுது. கண்ணை இறுக்கிச் சிமிட்டாமல் மெல்ல மூடி, மூக்கோரக் கண்முனையை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இரண்டாவது சொட்டு வீண், கன்னத்தில்தான் வழியும். அந்தப் பள்ளம் ஒரு சொட்டுக்கு மேல் கொள்ளாது. வேறொரு சொட்டும் விட வேண்டியிருந்தால் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள், ஜெல் எப்போதும் கடைசியில்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் பலருக்கு அரை மணித்தியாலத்தில் மண் விழுந்த மாதிரி உறுத்தல் திரும்பும், சிலருக்குக் கண்ணீர் தானாக வழியும். கண்ணீர் வழிகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று கேட்பார்கள். இமை விளிம்பில் மயிருக்குப் பின்னால் வரிசையாக மைபோமியன் சுரப்பிகள் இருக்கின்றன. அவை விடும் எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. எண்ணெய் கட்டிப்பட்டால் கண்ணீர் காய்ந்துவிடும், காய்ந்த இடம் உறுத்தும், உறுத்தலுக்குத் தண்ணீர் மட்டும் வெள்ளமாய் வரும். கொழும்பில் உருகியே இருக்கிற தேங்காய் எண்ணெய் நுவரெலியாவில் காலையில் போத்தலுக்குள் வெள்ளையாய் உறைந்து நிற்குமே, அதேதான். சொட்டு மருந்து அதை உருக்காது. சூடுதான் உருக்கும்.

ஆகவே கடையில் வாங்கும் எதையும்விட நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது சுடுதண்ணீர் ஒத்தடம். குளிக்கக்கூடிய சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, 40 முதல் 45 பாகை செல்சியஸ். மணிக்கட்டில் வைத்தால் சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. மூடிய இமையில் பத்து நிமிடம். துவாயில் செய்கிறவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்: ஈரத்துவாய் இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மீதி எட்டு நிமிடம் வெறும் ஈரம். இரண்டு துவாயை மாறி மாறி நனையுங்கள். பிறகு மேலிமையைக் கீழ்நோக்கி, கீழிமையை மேல்நோக்கி, மயிர்க்கரை வரை மெல்ல வழித்துவிட்டு, சுத்தமான ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடையுங்கள். காலையும் மாலையும் இரண்டு கிழமை, பிறகு தினம் ஒருதரம். நாலு நாளில் விட்டுவிட்டுப் பயனில்லை என்பது நியாயமில்லை.

மைக்ரோவேவில் சூடாக்கும் கண் மாஸ்க்குகள் சூட்டை நெடுநேரம் பிடிக்கும், துவாயோடு மல்லுக்கட்ட நேரமில்லாதவர்கள் வாங்கலாம். சுத்தமான பருத்திக் காலுறையில் சம்பா அரிசி நிரப்பி 20 விநாடி சூடாக்கினாலும் வேலை நடக்கும், சூடு சீராக இராது, அவ்வளவுதான். யூஎஸ்பி மாஸ்க்குகளில் சூட்டளவு காட்டாததை வாங்க வேண்டாம்.

கோட்டையில் ஏசி கந்தோரில் இருக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது காற்று முகத்தில் விழாத பக்கம் கதிரையைத் திருப்புவது. கணினித் திரையைக் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினால் கண் திறந்திருக்கும் அளவு குறையும். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 தரம் வரை சிமிட்டும் கண், திரை முன் அதில் பாதிகூடச் சிமிட்டாது. வீட்டில் நுளம்புச் சுருளைப் படுக்கையறையிலிருந்து எடுங்கள். தடிமனுக்குத் தினமும் பிரிட்டோன் போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே கண்ணை வறளச் செய்யும். எரிவைவிட அரிப்புத்தான் கூடுதல் என்றால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், அதற்குச் சொட்டு வேறு.

சிவப்பை மறைக்கும் நஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் சொட்டுகளுக்கு நாங்கள் மதிப்பெண் தரமாட்டோம். இரத்தக் குழாயைச் சுருக்கி வெள்ளையாகக் காட்டும், பாவிப்பதை நிறுத்தியதும் முன்னிலும் சிவக்கும். வறட்சிக்கு அதில் ஒன்றுமில்லை. வீட்டில் மிஞ்சிய டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் சொட்டு அதைவிட ஆபத்து. கண் அழுத்தத்தை ஏற்றிப் பார்வையையே கெடுக்கும், பூஞ்சைத் தொற்று இருந்தால் பரப்பிவிடும். பன்னீர், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எல்லாம் அன்போடு விடுபவைதான். ஆனால் கிருமி நீக்கியவை அல்ல, புண்பட்ட கருவிழி தாங்காது.

நோவு, வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல், ஒரு கண் மட்டும் சிவத்தல், மஞ்சள் பீளை: இவற்றில் ஒன்று இருந்தாலும் சொட்டு வாங்கப் போகாதீர்கள். அன்றே கொழும்பு 10இலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கோ கண் வைத்திய நிபுணரிடமோ போங்கள். லென்ஸ் போடுகிறவர் என்றால் அதைக் கழற்றி, எறிந்துவிடாமல் அதன் பெட்டியோடும் கரைசல் போத்தலோடும் கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று பார்க்க அவர்களுக்கு அது தேவைப்படும்.