குருகு முதலில் குருகாக இருக்கட்டும்: ஓர் இணையவழி ஹைக்கூப் பயிலரங்கு பற்றிய மதிப்புரை

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை 5 மணி முதல் 7 மணி வரை, கட்டணம் 1,500 ரூபாய் என்ற அறிவிப்பைக் கண்டு, குறுங்கவிதை வடிவங்களையும் குறியீட்டையும் கற்பிக்கும் இணையவழிப் பயிலரங்கு ஒன்றில் அண்மையில் சேர்ந்தேன். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால், நடத்திய அமைப்பின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதல் வாரம் வரலாறு. தொடர்கவிதையின் தொடக்கப் பாவாக இருந்த ஹொக்கு, ஜப்பானியக் கவிஞர் பாஷோவின் (1644–1694) கையில் தனித்து நிற்கும் வலிமை பெற்றதும், பின்னர் கவிஞர் ஷிகி (1867–1902) அதற்கு ஹைக்கூ என்ற பெயரை நிலைபெறச் செய்ததும் சுருக்கமாகவும் பிழையின்றியும் சொல்லப்பட்டன. பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியதையும் குறிப்பிட்டார்கள். ஆனால் மூன்று அடிகளுக்கும் முறையே 5-7-5 ஒலியலகு என்ற கணக்குக்கு வந்தபோது, பதினேழு அசை என்று சொல்லி நேரசை, நிரையசை பிரிக்க வைத்தது எனக்கு ஒப்பவில்லை. ஜப்பானிய ஒலியலகில் நெடில் இரண்டாகவும் சொல்லிறுதி ‘ன்’ ஒன்றாகவும் எண்ணப்படுவதால், அது நம் அசையைவிட மாத்திரைக்கே நெருக்கமானது. அந்தக் கணக்கைத் தமிழில் அப்படியே பின்பற்றினால் நாலைந்து சொற்களில் கவிதை முடிந்துவிடும் என்பதையும், அதனால்தான் தமிழில் பலர் எண்ணிக்கையை விட்டுவிட்டு மூன்றடியை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லியிருந்தால், முப்பது பேர் ஒரு மணி நேரம் விரல்விட்டு எண்ணியிருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் வாரத்துக்காகவே இந்தப் பயிலரங்கைப் பாராட்டலாம். கவிதையை நடுவே வெட்டி இடைவெளி உண்டாக்கும் வெட்டுச்சொல்லான கிரெஜியை இலக்கணமாக விளக்காமல் பயிற்சியாகச் செய்ய வைத்தார்கள். ‘அம்மா இறந்த பிறகு வீடு கோலமில்லாத வாசலைப் போல வெறுமையாக இருந்தது’ என்ற உரைநடை வாக்கியத்தைக் கொடுத்து, அதிலிருந்து ‘போல’வை எடுக்கச் சொன்னார்கள்; பிறகு ‘வெறுமை’யை; கடைசியில் இறப்பையே. அரை மணி நேரம் அடித்து அடித்து எழுதியதில் என் தாளில் எஞ்சியது இது:

அம்மாவின் வாசல்;
அரிசி மாவைத் தேடித் திரும்பும்
எறும்பு வரிசை.

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் அடிக்கும் அடுத்த இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளியை வாசகர் கடந்தாக வேண்டும் என்பது அன்றுதான் கைக்குப் புரிந்தது.

அப்படிக் கற்றுக்கொடுத்தவர்களே மூன்றாம் வாரத்தில் குறியீட்டுக்கு ஓர் அகராதியைத் திரையில் காட்டினார்கள். புறா என்றால் அமைதி, மெழுகுவத்தி என்றால் தியாகம், பனித்துளி என்றால் நிலையாமை என்று நாற்பது வரிகள். குறியீடு இப்படி வாய்பாடாகிவிட்டால் கவிதை விடுகதையாகச் சுருங்கிவிடும். பனித்துளி நிலையாமைக்குக் குறியீடு என்பது பௌத்த மரபில் ஊறிய ஜப்பானில் யாவரும் அறிந்த செய்தி. 1819-இல் பெண் குழந்தையை அம்மைக்குப் பறிகொடுத்த ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸா, இவ்வுலகம் பனித்துளி உலகம்தான் என்று அந்த மரபை ஒப்புக்கொண்டுவிட்டு, ‘ஆனாலும், ஆனாலும்’ என்று தடுமாறி நின்றுவிடுகிறார். குறியீடு தரும் ஆறுதலை ஒரு தந்தையால் ஏற்க முடியவில்லை என்பதே அங்கே கவிதை. அகராதியை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு முதல் பாதிதான் விளங்கும்.

நம்மிடமே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. குறுந்தொகையின் 25-ஆம் பாடலில், களவு மணத்துக்குச் சாட்சி யாருமில்லை என்று கலங்கும் தலைவிக்கு நினைவுக்கு வருவது, தினைத்தாள் போன்ற கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகுதான். கபிலர் அந்தக் குருகுக்குப் பொருள் சொல்வதில்லை. சாட்சி சொல்லாத சாட்சியாகவும், தன் இரையிலேயே கண்ணாக இருந்த தலைவனாகவும் அதை வாசிக்க முடிவதற்குக் காரணம், அது முதலில் மெலிந்த காலுடைய உண்மையான பறவையாக நீரில் நிற்பதே. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை (நிலத்துக்குரிய பறவை, விலங்கு, மரம் போன்றவற்றை) நிலமாகக் கொண்டு பிறப்பது உள்ளுறை, அதாவது வெளிப்படச் சொல்லாமல் உள்ளே பொதிந்த பொருள், என்று தொல்காப்பியம் வகுத்திருக்க, நான்கு வாரங்களில் அந்தச் சொல் ஒருமுறைகூட உச்சரிக்கப்படவில்லை.

இதன் விளைவு எழுத்துப் பயிற்சியிலும் தெரிந்தது. ஹைக்கூவில் பருவச்சொல் வேண்டும் என்று சொல்லி ஜப்பானியப் பட்டியலை அப்படியே கொடுத்ததால், திருவாரூர்க்காரர் ஒருவர் செர்ரிப் பூவையும் உறைபனியையும் எழுதிக்கொண்டிருந்தார். ஜப்பானியக் கவிதைக்கு இளவேனிலைக் கொண்டுவரும் தவளை, அவர் ஊரில் மழையை அல்லவா கொண்டுவரும்! கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுதுகளை வகுத்து, நிலத்துக்கு ஒரு பூவையும் பறவையையும் வைத்திருக்கும் மொழியில் இந்த இரவல் தேவையற்றது.

நான்காம் வாரத்தில், மனித இயல்பை நகைச்சுவையோடு சொல்லும் சென்ரியுவும் அடியிறுதியில் இயைபு பெறும் மூன்றடியான லிமரைக்கூவும் அவசரமாகக் கடந்துபோயின. ஒவ்வொருவர் கவிதைக்கும் தனித்தனியே கருத்துரை தரப்படும் என்ற வாக்குறுதி, எனக்கு ‘அருமை’ என்ற ஒற்றைச் சொல்லாக வந்து சேர்ந்தது. பதிவுகளைப் பதினைந்து நாள் மட்டுமே பார்க்க முடிந்தது. 48 பக்கக் கையேட்டின் அச்சு தெளிவாக இருக்கிறது. எடுத்துக்காட்டுகளுக்கு மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லை.

இதுவரை மூன்றடி எழுதிப் பார்க்காதவர்கள் சேரலாம். ஏற்கெனவே எழுதுகிறவர்கள், இரண்டாம் வாரத்துக்கு மட்டும் தனிக் கட்டணம் வாங்குவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். 500 ரூபாய் என்றால் நானே மறுபடியும் உட்காருவேன்.