ரயிலா, பஸ்ஸா, காரா: கொரோனா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து சென்னைக்கு

பிள்ளை சென்னையில் படிக்கிறது, தம்பி மண்ணடியில் கடையில் நிற்கிறான், அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, தொண்டி என்று எங்கள் கடற்கரையில் எந்த வீட்டில் கேட்டாலும் சென்னைக்குப் போக இப்படி ஒரு காரணம் இருக்கும். 2020-க்கு முன்னால் எப்படிப் போவது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. சேதுவிலோ போட் மெயிலிலோ டிக்கெட் கிடைத்தால் ரயில், கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ், கல்யாணம் காரியம் என்றால் கார்.

கொரோனா அந்த வரிசையைப் பலமுறை கலைத்துப் போட்டது. ஒரு மாதம் சரியாக இருந்த வழி அடுத்த மாதம் அடைபட்டது. அதனால் மூன்றையும் பொதுவாக ஒப்பிடுவதில் பயனில்லை, எந்த மாதத்தில் என்று சேர்த்துத்தான் பேச வேண்டும். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரயில் ஓடிய நாட்களில், ஜன்னல் திறந்த ஸ்லீப்பர் பெட்டிக்கு மேல் ஒரு வழி இல்லை. காசு கூடக் கொடுத்து ஏசியில் ஏறியவர்கள் வசதியை வாங்கினார்கள், காற்றை விட்டுக்கொடுத்தார்கள்.

முதல் ஆறு மாதம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு, அதோடு பயணிகள் ரயில் நின்றது. ஜூன் 1 முதல் தமிழ்நாட்டுக்குள் சிறப்பு ரயில் விட்டார்கள்: கோவை-மயிலாடுதுறை, மதுரை-விழுப்புரம், திருச்சி-நாகர்கோவில், கோவை-காட்பாடி. அந்தப் பட்டியலில் சென்னையும் இல்லை, ராமேஸ்வரமும் இல்லை. மாநிலத்தை எட்டு மண்டலமாகப் பிரித்ததில் நாங்கள் மதுரை, சிவகங்கை, விருதுநகர், திண்டுக்கல், தேனியோடு ஒரே மண்டலம். ஆகவே மதுரை வரை இ-பாஸ் (மண்டலம் தாண்ட அரசிடம் ஆன்லைனில் வாங்கும் அனுமதி) இல்லாமல் பஸ்ஸில் போகலாம், அங்கிருந்து விழுப்புரம் வரை ரயில். அப்புறம்? விழுப்புரம் வேறு மண்டலம், சென்னை தனி மண்டலம். நடுவழியில் பெட்டியும் கையுமாக நிற்க யாருக்கு மனசு வரும்? ஜூன் கடைசியில் அந்த ரயில்களும் நின்றன.

மிச்சம் இருந்தது கார் மட்டும். அதுவும் இ-பாஸ் கையில் இருந்தால். ஆரம்பத்தில் சாவு, கல்யாணம், அவசர சிகிச்சை என்று காரணம் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். தள்ளுபடியாகி, மறுபடி போட்டு, அதுவும் தள்ளுபடியாகி, கடைசியில் காரியம் முடிந்த பிறகு பாஸ் வந்த வீடுகள் உண்டு. ஆகஸ்ட் 17-க்குப் பிறகு ஆதாரும் போன் நம்பரும் கொடுத்தால் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது, செப்டம்பர் 1 முதல் மாவட்டம் தாண்ட அதுவே தேவையில்லை என்றானது.

காருக்கு வாடகை ஐந்து இலக்கத்தில்தான் பேச்சே தொடங்கும். டிரைவர்களைக் குறை சொல்ல முடியாது. "திரும்பி வரும்போது சவாரி கிடைக்காதுண்ணே, காலி வண்டியாத்தான் வரணும்" என்பது நியாயமான கணக்கு. வழியிலும் ஒரு சிக்கல் இருந்தது. தொண்டி, மீமிசல் பக்கத்து ஆட்களுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் வீட்டு வாசல். ஆனால் அந்தச் சாலை நாகப்பட்டினம் தாண்டும் இடத்தில் காரைக்காலுக்குள் போகும், கடலூர் தாண்டிப் புதுச்சேரிக்குள் போகும். இரண்டும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தவை, எல்லையை அடைத்து வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டு பாஸை அங்கே காட்டி என்ன செய்வது? கடலோரத்திலேயே இருந்துகொண்டு காரைக்குடி, திருச்சி என்று உள்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து திரும்பி வருவது அதைவிடச் சிரமம். பார்த்திபனூர் சோதனைச்சாவடியில் நிறுத்துவார்கள், மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுப்பார்கள், வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்டவர் என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கம் பேசியதுதான் பலருக்குக் காய்ச்சலைவிடப் பெரிய வேதனை.

செப்டம்பர் 7 முதல் மாநிலத்துக்குள் ரயிலும் மாவட்டம் தாண்டும் அரசு பஸ்ஸும் வந்தன. ராமேஸ்வரம் வண்டி மழைக்காலம் தொடங்கும் சமயத்தில் சிறப்பு ரயில் என்ற பெயரில், எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தோடு ஓடியது. அக்டோபர் 16 முதல் ஆம்னி பஸ்களும் இறங்கின. உண்மையான போட்டி இங்கிருந்துதான்.

ஸ்லீப்பரையும் மூன்றாம் வகுப்பு ஏசியையும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரு தடுப்புக்கு எட்டுப் படுக்கை. நடுவில் எதையும் காலியாக விடவில்லை, வண்டி நிறைந்தால் நிறைந்ததுதான். அப்படியானால் வித்தியாசம் கட்டணமும் காற்றும். ஸ்லீப்பர் 400 ரூபாய்க்குள், ஏசி 1000 ரூபாயை ஒட்டி. அந்தக் கூடுதல் பணத்துக்குச் சாதாரண நாளில் கிடைக்கிற கம்பளி, விரிப்பு, தலையணை எதுவும் கொரோனாவில் கிடையாது. இரண்டாம் வகுப்பு ஏசியில் திரையையும் கழற்றிவிட்டார்கள். விரிப்பை மறுபடி கொடுக்க உத்தரவு வந்தது 2022 மார்ச்சில்தான். ஆக, ஏசியில் போனவர் வீட்டிலிருந்து போர்வையும் சுமந்து, கூடக் காசும் கொடுத்து, மூடிய பெட்டிக்குள் முன்பின் தெரியாத அறுபது எழுபது பேர் விட்ட மூச்சில் இரவைக் கழித்தார்.

ஏசி பெட்டிக்கும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2020 நடுவில், மணிக்கு 6 முதல் 8 தடவை மாறிக்கொண்டிருந்த காற்றை 16 முதல் 18 தடவை மாற்றுகிறோம், வெப்பநிலையையும் 23 டிகிரியிலிருந்து 25-க்கு ஏற்றிவிட்டோம் என்று ரயில்வே தரப்பில் சொன்னார்கள். சொன்னபடி எல்லாப் பெட்டியிலும் நடந்தால் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஏறி உட்கார்ந்த பயணிக்கு அதைச் சரிபார்க்க ஒரு வழியும் கிடையாது. ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதைச் சரிபார்க்கக் கண் போதும். அன்றைக்கு எல்லோருடைய கவனமும் கைப்பிடியிலும் படுக்கையிலும் இருந்தது, சானிடைசர் போட்டுத் துடைத்துத் துடைத்து ரெக்சின் பளபளத்தது. காற்றில் பரவுவதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுத 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது.

ஸ்லீப்பருக்கு என் ஆதரவு நிபந்தனையோடுதான். ராமநாதபுரத்தில் ஏறும்போது எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். மானாமதுரை தாண்டியதும் ஒவ்வொருவராக ஷட்டரை இறக்க ஆரம்பிப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் உள்ளே அடித்தால் முழுப் பெட்டியும் அடைபடும். அப்போது ஸ்லீப்பர், மின்விசிறி மாட்டிய பொட்டி மாதிரி ஆகிவிடும், காற்று வெளியே போகவும் வழியில்லை, உள்ளே வரவும் வழியில்லை. அந்த மாதிரி இரவில் ஏசியே தேவலை. ஆனால் மாசி, பங்குனியில் போனவருக்கு ஸ்லீப்பர்தான். சைடு லோயர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஜன்னல் நம் வசம், அதைத் திறப்பதும் மூடுவதும் நம் முடிவு, எதிரே உட்கார ஆளும் குறைவு.

ராமேஸ்வரத்திலேயே ஏறியவர்களுக்கு இன்னொரு லாபம், பாம்பன் பாலம். 1914-ல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும், இரண்டு பக்கமும் கடல். அந்தக் காற்றில் முகக்கவசத்தைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இலங்கைக்குப் போய்விடும். (2022 டிசம்பரில் பழைய பாலத்தில் போக்குவரத்தை நிறுத்தினார்கள், புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். அது தனிக் கதை.)

ஆம்னி பஸ்ஸில் ஏசி ஸ்லீப்பர்தான் அதிகம் ஓடியது. ஜன்னல் திறக்காது. இரட்டைப் படுக்கையில் பக்கத்தில் படுப்பவர் யாரென்று ஏறின பிறகுதான் தெரியும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயமாக இருந்தது நடுராத்திரி மோட்டல். நாலைந்து பஸ் ஒரே நேரத்தில் நிற்கும், அத்தனை பேரும் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒரே கூடத்தில் பரோட்டா சாப்பிடுவார்கள். ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. சமைத்த சாப்பாட்டை நிறுத்திவிட்டதால் எல்லோரும் கட்டுச்சோறுதான்: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, கீழக்கரைக்காரர் என்றால் கூடவே ஒரு டப்பா தொதல் என்ற இனிப்பு. கருவாடு கொண்டுபோனவர்களுக்கு அது பொற்காலம். எல்லோரும் மூக்கை மூடியிருந்ததால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

அரசு விரைவு பஸ்ஸில் ஏசி இல்லாததில் ஜன்னல் திறக்கும், காற்றுக்கு அது ஆம்னியைவிட மேல். உட்கார்ந்தே போக வேண்டும், முதுகு தாங்குகிறவர்களுக்குச் சரி.

பஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு. தொண்டி, எஸ்.பி.பட்டினம் ஆட்களுக்கு ரயில் பிடிக்க ராமநாதபுரமோ தேவகோட்டை ரஸ்தாவோ வர வேண்டும். சாயல்குடியிலிருந்தும் ராமநாதபுரம் ஸ்டேஷன் தூரம்தான். டவுன் பஸ் அரைகுறையாக ஓடிய நாட்களில், வண்டி புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்னால் வெப்பமானிச் சோதனைக்கு வந்து நிற்கச் சொன்னால், ஆட்டோவுக்கே ரயில் டிக்கெட்டைவிட அதிகம் ஆகிவிடும். பஸ் ஊர் முக்கில் நின்று ஏற்றிக்கொள்ளும். ராமநாதபுரம், பரமக்குடி, மண்டபம் என்று தண்டவாளத்தை ஒட்டி வாழ்பவர்களின் கணக்கை வடக்குக் கடற்கரைக்காரர்கள் மீது திணிக்க முடியாது.

ஆனால் 2021 ஏப்ரல் 20-ல் இரவு ஊரடங்கு வந்ததும் இந்தக் கணக்கும் மாறியது. இரவு பத்திலிருந்து விடிகாலை நான்கு வரை பஸ் ஓடக் கூடாது. ராத்திரி வண்டியாகவே வாழ்ந்த ஆம்னி பஸ்கள் பகலில் ஓட வேண்டியதாயிற்று. சித்திரை வெயிலில் ஒரு முழுப் பகலை யார் பஸ்ஸில் கழிப்பது? ரயில் மட்டும் இரவில் ஓடியது, கையில் இருந்த டிக்கெட்டே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் போலீசிடம் காட்டுகிற சீட்டு. மே மாதம் அலை உச்சத்துக்குப் போனபோது ஆளில்லாமல் சில ரயில்களை ரத்து செய்ததும் உண்மை. ஓடிய வண்டியில் இடம் தாராளம்.

பணம் திரும்பி வந்ததிலும் ரயிலுக்குத்தான் என் ஓட்டு. ரயில்வே ரத்து செய்த வண்டிக்குக் கட்டணம் முழுதாக வந்தது, கவுண்டரில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் கேட்க ஒன்பது மாதம் வரை அவகாசம் நீட்டினார்கள். ஆன்லைன் சேவைக் கட்டணம் மட்டும் போனது போனதுதான். பஸ் டிக்கெட் போட்ட ஒரு இடத்தில் எனக்குப் பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் கொடுத்தார்கள். அது காலாவதியாகும் வரை அந்தத் தடத்தில் பஸ்ஸே ஓடவில்லை.

காரை நான் முழுதாகத் தள்ளவில்லை. டயாலிசிஸ் நோயாளி, கைக்குழந்தை, எண்பது வயதுக் கிழவி என்றால் கார்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். நாலு பேராகப் பிரித்தால் செலவு கொஞ்சம் தாங்கும், ஆனாலும் தலைக்கு ஏசி ரயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். தனி ஆளுக்கு அது வீண்.

இந்த ஒப்பீட்டில் இடமே பெறாத ஒரு கூட்டம் இருக்கிறது. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் போனவர்கள். கொரோனாவில் பொதுப் பெட்டியையும் முன்பதிவு இருக்கையாக்கினார்கள். போனில் டிக்கெட் போடத் தெரியாத மீன்காரப் பெண்களுக்கு ரயிலே இல்லை என்றானது. மதுரை-ராமேஸ்வரம் பாசஞ்சர் போன்ற வண்டிகள் தாமதமாகத்தான் திரும்பின, அதுவும் எக்ஸ்பிரஸ் கட்டணத்தில். 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்ச டிக்கெட் 30 ஆனது, பழையபடி 10-க்கு இறங்க 2024 பிப்ரவரி ஆயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகையோ, ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்துக் கொடுத்தது, சிறப்பு ரயில் என்ற பெயரை நீக்கிய பிறகும், கம்பளி திரும்பிய பிறகும், சமையல் திரும்பிய பிறகும் வரவில்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சேதுவுக்கு முழு டிக்கெட்தான் எடுக்கிறார்கள்.