கோணேசபுரி வளாகம்: தனிக்குடித்தனமா, கூட்டுக்குடும்பமா?

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தைக் கடக்கும்போது பேருந்தில் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுகிறார், "இது எப்ப தனி யுனிவர்சிட்டி ஆகும்?" என்று. வவுனியாவுக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற மனக்குறைதான் அதில் இருக்கிறது. நியாயமான குறைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது அங்கே இருந்தவை மூன்று பீடங்கள். நம்மிடமும் தொடர்பாடல் வணிகக் கற்கைகள், பிரயோக விஞ்ஞானம், சித்த மருத்துவம் என்று மூன்று இருக்கின்றன. 1993இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001இல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது இது. வயதும் போதும், பீடமும் போதும்.

சரி, தனியே போனால் என்ன லாபம்? துணைவேந்தர், படிப்பு விஷயங்களை முடிவுசெய்யும் மூதவை, நிர்வாகத்தைப் பார்க்கும் பேரவை எல்லாம் ஊருக்குள்ளேயே வந்துவிடும். இப்போது பெரிய முடிவு எதுவென்றாலும் கோப்பு மட்டக்களப்புப் பக்கம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமையிடமான வந்தாறுமூலைக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும். கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் பாதை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அதில் படகுப் பாதைக்குக் காத்து நின்ற கதையெல்லாம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போது பாலம் இருக்கிறது, மின்னஞ்சலும் இருக்கிறது, ஆனாலும் கூட்டம் நடக்கிற இடத்தில் இருப்பவனின் பேச்சுத்தான் எடுபடும் என்பது கோயில் நிர்வாக சபைக்கும் பொருந்துகிற உண்மை.

நட்டம் என்னவென்றால், தனிக்குடித்தனம் போகிறவர் உரலும் உலக்கையும் தானே வாங்க வேண்டும். பதிவாளர், நிதியாளர், பரீட்சைக் கிளை, உள்ளகக் கணக்காய்வு என்று எல்லாவற்றுக்கும் ஆளணி வேண்டும், அதற்குத் திறைசேரி தலையாட்ட வேண்டும். ஆளணி தராமல் வர்த்தமானியை மட்டும் தந்தால், பெயர்ப்பலகைக்குப் பெயின்ட் அடிக்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது யோசனை, பாடவாரியாகப் பிரித்து அடுக்குவது. வந்தாறுமூலையில் வணிக முகாமைத்துவ பீடம், கோணேசபுரியில் வணிகக் கற்கைகள். அங்கே கலை கலாசார பீடத்தில் மொழிகள், இங்கேயும் மொழித் துறை. ஒரே பல்கலைக்கழகத்தில் எதற்கு இரண்டு, ஒரு பாடம் ஒரு இடம் என்று வைத்தால் என்ன? காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விரிவுரையாளரின் வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மாணவரின் விடுதி எதுவும் காகிதத்தில் இல்லையே. மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் வந்து படிக்கிற இடத்தில் ஒரு துறையைத் தூக்கிக்கொண்டு போனால், அது எந்தக் காரணத்துக்காக நடந்தாலும் ஊர் வேறு காரணம்தான் சொல்லும். சித்த மருத்துவத்தை அசைக்கவும் முடியாது. 2008இல் ஒரு அலகாகத் தொடங்கி பீடமாக வளர்ந்தது அது, நோயாளிகளும் மூலிகைத் தோட்டமும் பக்கத்தில் இல்லாமல் அந்தப் படிப்பு நடக்காது. இந்த யோசனைக்கு என்னிடம் மதிப்பெண் இல்லை.

எனக்குப் பிடித்தது மூன்றாவது, அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை: பட்டப்படிப்புகளை இருக்கிற இடத்தில் விட்டுவிட்டு, ஆய்வை மட்டும் ஒன்று சேர்ப்பது. கொட்டியாரக் குடாவை எடுத்துக்கொள்ளுங்கள். மகாவலி வந்து கடலில் விழுகிற இடம். ஆறு கொண்டுவரும் வண்டல், மீன், இறால், துறைமுகம், கரையில் இருக்கிற கிராமங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அதை ஒழுங்காகப் படிக்க விலங்கியல்காரர் வேண்டும், அவர் வந்தாறுமூலையில். தரவைக் கையாளக் கணினிக்காரர் வேண்டும், அவர் கோணேசபுரியில். நிலாவெளிக் கடலில் இருக்கிற புறாத் தீவுப் பவளப்பாறைகளுக்கும் இதே கதைதான். மீன்வளத்துக்கும் கடலியலுக்கும் மாத்தறையில் இருக்கிற ருகுணுப் பல்கலைக்கழகம் தனிப் பீடமே வைத்திருக்கிறது, நாம் இந்தப் பெரிய இயற்கைத் துறைமுகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறோம்.

தனியே பிரிந்தால் அந்த விலங்கியல்காரர் அடுத்த வீட்டுக்காரர் ஆகிவிடுவார், ஒவ்வொரு வேலைக்கும் உடன்படிக்கை எழுத வேண்டியிருக்கும். சேர்ந்தே இருந்தால் ஒரு கடல் ஆய்வு மையம், இரண்டு பக்கத்து ஆட்கள், தலைமை கோணேசபுரியில். அதற்கென்று ஒதுக்கும் பணத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரமும் வளாக முதல்வரிடமே இருக்க வேண்டும். இதில் வந்தாறுமூலை விட்டுக்கொடுக்காவிட்டால், அப்புறம் நானும் வவுனியாப் பாதைதான் சரி என்று பேருந்தில் சேர்ந்து கத்துவேன்.

ஒரு சின்னச் சந்தேகமும் இருக்கிறது. பெற்றோருக்கு ஆய்வு மையம் பற்றியெல்லாம் கவலை இல்லை. தெரிந்த ஒரு தகப்பன் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, மகளின்ட பட்டத்தில என்ட ஊர்ப் பேர் வருமா?" கிழக்குப் பல்கலைக்கழகம் என்றுதான் வரும் ஐயா, என்றேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அந்த முகத்துக்கு மூன்றாவது யோசனையில் பதில் இல்லை, அதை மறைக்க முடியாது.