ஏழாண்டு அனுபவம்: சிறுநீரகக் கல்லைத் திரையில் பார்த்தே இனங்காணுதல்

மதுரையில் சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணராகப் பணிபுரியும் நான், வளையும் டிஜிட்டல் யூரிட்டரோஸ்கோப் (சிறுநீர்ப் பாதை வழியே சிறுநீரகத்துக்குள் செலுத்தும் மெல்லிய கேமராக் குழாய்) கைக்கு வந்த நாளிலிருந்து, ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக, கல்லை உடைக்கும் முன் அது எந்த வகை என்று திரையைப் பார்த்துக் குறித்துவைத்து, பின்னர் வரும் ஆய்வக அறிக்கையோடு ஒப்பிட்டு வருகிறேன். பிரான்ஸைச் சேர்ந்த மிஷெல் தொதோன் வகுத்த உருவ அடிப்படையிலான பகுப்பே எனக்கு வழிகாட்டி.

கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட் அடர் பழுப்பாக, வழவழப்பாக இருக்கும்; பிளந்தால் நடுவிலிருந்து ஆரம் ஆரமாகக் கோடுகள் விரியும். அதே உப்பின் டைஹைட்ரேட் வகையோ, உடைத்த கற்கண்டைப் போல, மஞ்சள் கலந்த கூரிய முனைகளோடு மின்னும். யூரிக் அமிலக் கல் காவி நிறம். சிஸ்டின் கல்லுக்கு மெழுகின் வெளிர் மஞ்சள். வெள்ளைக் கற்களில்தான் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு.

இரண்டாம் ஆண்டில் ஒரு பிழை செய்தேன். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் கல் காவி நிறத்தில் தெரிந்ததும், சி.டி. ஸ்கேனில் அடர்த்தி 1000 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு மேல், யூரிக் அமிலக் கல்லுக்கு உரியதைவிட மிக அதிகமாக இருந்ததைப் பொருட்படுத்தாமல், யூரிக் அமிலம் என்றே முடிவுசெய்து முழுவதையும் பொடியாக்கினேன். "டாக்டர், இனிமே தக்காளி சாப்பிடலாமா?" என்று கேட்டவரிடம், மீந்த துணுக்குகள், யூரிக் அமிலத்தைக் கரைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தில் கரைந்துவிடும் என்று நம்பிக்கையாகச் சொன்னேன். மூன்று மாதமாகியும் அவை கரையவில்லை. சேகரித்திருந்த ஓரிரு சில்லுகளின் அகச்சிவப்பு ஆய்வு, மேலே மெல்லிய யூரிக் அமிலப் படிவும் உள்ளே மோனோஹைட்ரேட்டும் இருப்பதைக் காட்டியது. அந்த மனிதரை இரண்டாம் முறை மயக்க மருந்துக்கு உட்படுத்த நேர்ந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

அதற்குப் பிறகு எந்தக் கல்லையும் எடுத்த எடுப்பில் பொடியாக்குவதில்லை. ஹோல்மியம் லேசரால் முதலில் இரண்டாகப் பிளந்து, வெட்டுமுகத்தைப் பதிவுசெய்து, ஒரு துண்டைக் கம்பிக் கூடைக் கருவியால் எடுத்துக்கொண்ட பின்னரே மற்றதைத் தூளாக்குகிறேன். வெளித்தோற்றம் கல் கடைசியாக எதைச் சேர்த்துக்கொண்டது என்பதை மட்டுமே சொல்லும். எதிலிருந்து தொடங்கியது என்பது நடுவில்தான் இருக்கிறது. சில கற்களின் அடியில் சிறு குழியும், அதற்குள் சுண்ணாம்புப் பொட்டுப் போன்ற வெள்ளைத் திட்டும் தெரியும்; 1937இல் அலெக்சாண்டர் ராண்டல் விவரித்த, சிறுநீரகப் பாப்பில்லாவில் (சிறுநீர் வெளிவரும் உள்முனையில்) ஒட்டிவளரும் படிவின் தடம் அது. தூளாக்கினால் இந்தத் தடம் அழிவதோடு, லேசரின் வெப்பத்தில் சில படிகங்களின் அமைப்பே மாறிவிடுவதும் உண்டு.

கேமராவின் வெள்ளைச் சமநிலையைத் தொடக்கத்திலேயே சரிசெய்யாவிட்டாலும், கருவி வழியே செலுத்தும் நீரில் சிறிது இரத்தம் கலந்தாலும், மஞ்சள் கல் காவியாகத் தெரியும். ஆகவே தெளிந்த நீர் வரும்வரை காத்திருப்பேன். எடுத்த துண்டை ஃபார்மலினில் போடாமல், கழுவி உலர்த்தி, என் ஊகத்தை எழுதிய சீட்டோடு அன்றே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.